மூன்றாம் திகதியா, நாலாம் திகதியா

திகதி என்று யார் எதைச் சொன்னாலும் நான் உடனே நம்புவதில்லை. அதற்குக் காரணம் என் வேலை. பாண், அதாவது பிரெட், சுடும் ஒரு தொழிற்சாலையில், பைகளுக்குத் திகதி அடிக்கிற மெஷினில் நிற்கிறேன். இன்று சுட்ட பாணின் பையில் இன்றைய திகதி இருக்காது. பிந்தி வருகிற ஒரு நாள்தான் இருக்கும். அதில் பிழையில்லை, அந்த நாள் வரைக்கும் சாப்பிடலாம் என்று அர்த்தம். ஆனாலும் இன்னும் வராத நாளையே அடித்துக்கொண்டு நின்றால் மனம் ஒரு மாதிரித்தான் பழகிவிடுகிறது. வீட்டில் பால் பையில் என்ன திகதி இருந்தாலும் மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு ஊற்றுவேன்.

"உங்கட அப்பா எங்கட கலியாண நாளையும் மணந்து பாத்துப்போட்டுத்தான் ஓம் எண்டவர்" என்று மனைவி மகளிடம் சொல்லுவா.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பா இருக்கக்கூடும். அவரோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று என் மகளிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரியும்.

நாங்கள் ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். கிட்டவுள்ள நூலகத்தில் கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். தொப்பிக்குள் கையை விட்டு ஒரு திகதியை எடுக்க வேண்டும். அந்தத் திகதியில் உலகத்தில் என்ன நடந்தது என்று தேடி, சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு வந்தது யூலை நாலு.

"அது அமெரிக்காக்காரற்ற நாளெல்லோ" என்றேன். "எங்கட கனடா நாள் முதலாம் திகதி. அதைக் கேட்டு மாத்தியிருக்கலாமே?"

"மாத்த ஏலாது அப்பா. அதோட இது செம இன்ரறஸ்டிங். கேளுங்கோ."

அவள் சொன்னது இதுதான். அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் செய்தது 1776 யூலை நாலில். சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1826இல் அதே யூலை நாலில், அவர்களுடைய இரண்டாவது ஜனாதிபதியும் மூன்றாவது ஜனாதிபதியும் இறந்துபோனார்கள். இரண்டு பேரும் ஒரே நாளில். அந்தப் பிரகடனத்தை எழுதியதிலும் இரண்டு பேருக்கும் பங்கு இருந்தது. இன்னும் ஐந்து வருடம் போக ஐந்தாவது ஜனாதிபதியும் யூலை நாலிலேயே கண்ணை மூடினார்.

நான் பிசைந்த சோற்றை அப்படியே கோப்பையில் வைத்தேன்.

"பிள்ளை, உதை எங்க எடுத்தனி?"

"லைப்ரரி புத்தகம்."

"உது நடந்திருக்காது."

"வை நொட்?"

நான் ஊரில் கண்ட ஒன்றைச் சொன்னேன். ஏகாதசியில் இறந்தால் நேரே மோட்சம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எங்கள் ஒழுங்கையில் பெரிய கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் இறந்துபோனது ஏகாதசிக்கு முதல் நாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், செத்தவீட்டுக்குக் சனம் இருக்கக் கதிரை இறக்கப் போனவர்களில் நானும் ஒருவன், அது முதல் நாள் பின்னேரம். ஆனால் அடுத்த நாள் வந்த சனத்துக்கெல்லாம், "ஐயா ஏகாதசி பாத்துப் போய்ச் சேந்திட்டார்" என்றுதான் வீட்டார் சொன்னார்கள். கதிரை தூக்கிய ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பெரிய மனிசர் செத்தால் நல்ல நாளுக்குத் தள்ளிவிடுவினம்" என்றேன். "உவையும் அப்பிடித்தான் செய்திருப்பினம்."

மகள் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "அப்பா, அந்த டைம் போனே இல்லை. ஒராள் தெற்கில, மற்றவர் வடக்கில. செய்தி போய்ச் சேர நாள்கணக்கு. ரெண்டு வீடும் கதைச்சுப் பேசி ஒரு நாளை எடுத்திருக்கவே ஏலாது."

"கதைக்கத் தேவையில்லையே. அண்டைக்குப் பெருநாள் எண்டு ரெண்டு வீட்டுக்கும் தெரியும்தானே. அவையவை தங்கட பாட்டில தள்ளியிருக்கலாம்."

"டொக்டர் பக்கத்தில நிண்டவர். ஆக்கள் நிறைய நிண்டவை."

"கடைக்காரற்ற வீட்டிலயும் ஆக்கள் நிறைய நிண்டவைதான்."

மனைவி எழும்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனா. "ஜனாதிபதி வீட்டுக்கும் நீங்கள்தான் கதிரை இறக்கினதோ?" என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

மகள் சபையில் பிழையாகச் சொல்லி, யாராவது சிரித்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அவள் சொல்வதைச் சரிபார்க்க எனக்கு வழி தெரியாது, சந்தேகப்படத்தான் தெரியும். அடுத்த நாள் அந்தப் புத்தகத்தை வேலைக்குக் கொண்டுபோய், இடைவேளையில் சொல் சொல்லாகப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று அகப்பட்டது. விடுதலை வேண்டும் என்று அவர்கள் வாக்குப் போட்டது யூலை நாலில் இல்லை, இரண்டாம் திகதி. நாலாம் திகதி செய்தது அந்த எழுத்தை ஏற்றுக்கொண்டது மட்டும். கனபேர் கையெழுத்து வைத்தது ஓகஸ்டில்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே சொன்னேன். "பாத்தியே, நாளைத் தள்ளியிருக்கினம்."

மகள் வாங்கிப் படித்தாள். கோபப்படவில்லை. "நல்ல கண்டுபிடிப்பு அப்பா. இதையும் சொல்லப்போறன்" என்றாள். பிறகு, "ஆனா இதில ஒராளும் ஒளிக்கேல்லையே. புத்தகத்திலேயே போட்டிருக்கினம். செத்த நாளை ஒருத்தரும் பிழை எண்டு எழுதேல்லை" என்றாள்.

அவள் விடவில்லை.

"இன்னொராளையும் சேர்க்கப்போறன். அப்பப்பா."

"என்ன அப்பப்பா? என்ர அப்பாவோ?"

"அப்பப்பா இறந்ததும் யூலை நாலுதானே. யாழ்ப்பாண மாமி நேற்றுக் கோல்ல சொன்னவ."

"மாமி மறந்துபோனா. அது மூண்டாம் திகதி."

மகள் என்னைப் பார்த்தாள். பால் பையை நான் பார்க்கிற அதே பார்வை. "போன வருசம் திவசம் வேற நாள். அதுக்கு முதல் வருசம் வேற நாள். இப்ப மாமி ஒரு நாள் சொல்லுறா, நீங்கள் ஒரு நாள். அப்பா, நீங்களும் தள்ளினீங்களோ?"

திவசம் திதி பார்த்துச் செய்வது, சந்திரனின் கணக்கு, அதனால் வருடா வருடம் திகதி மாறும் என்று விளக்கினேன். அது அவளுக்கு விளங்கியது. "சரி, திதி மாறட்டும். செத்த திகதி மாறாதுதானே?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்றாம் திகதி பின்னேர வேலை. செய்தி வந்தபோது வெளியே இன்னும் வெயில். மெஷினை நிற்பாட்டச் சொல்லிவிட்டுப் போனோடு வாசலுக்கு ஓடினேன். அன்றிலிருந்து எனக்கு அது மூன்றாம் திகதிதான். ஐயரும் திதியைத்தான் கேட்பார். திகதியை இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும்" என்றாள் மகள். "இதுக்கும் வேணும். கேளுங்கோ. பிழையெண்டால் நான் அப்பப்பாவைச் சொல்லமாட்டன்."

யாழ்ப்பாணத்துத் தங்கைக்கு, அதுதான் மகள் சொன்ன மாமிக்கு, போன் எடுத்து, அப்பா போனது மூன்றா நாலா என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி அண்ணா" என்றா தங்கை. "நான் பக்கத்திலேயே இருந்தனான். விடியப்புறம். கோயில் மணி அடிச்சு முடியேல்லை. நாலாம் திகதி. உங்களுக்கு உடனதான் போன் எடுத்தது."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அங்கே விடிகிறபோது இங்கே முதல் நாள் பின்னேரம். யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் இந்த மணிக்கணக்கைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். அப்பாவின் விசயத்தில் மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை. தங்கை சொன்ன பிறகும், அவ பெருநாள் எதற்கும் தள்ளியிருப்பாவோ என்று ஒரு கணம் யோசித்தேன். எங்களுக்கு யூலை நாலில் என்ன பெருநாள்?

சனிக்கிழமை நூலகத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். மகள் மூன்று ஜனாதிபதிகளைச் சொன்னாள். இரண்டாம் திகதி வாக்கையும் ஓகஸ்ட் கையெழுத்தையும் சொன்னாள். பிறகு, "என்னுடைய அப்பப்பாவும் யூலை நாலில்தான் இறந்தார், யாழ்ப்பாணத்தில்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கொஞ்சம் நின்று, "ரொறொன்ரோவில் அப்போது யூலை மூன்று. என் அப்பாவுக்கு அது மூன்றாம் திகதிதான்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு தாய், "நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டா. "ஓம், அங்க நிண்ட ஆளிட்டக் கேட்டனாங்கள்" என்று மகள் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையின் அழைப்பு. அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும், நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறா.

"எப்பிடி அண்ணா, பிள்ளை வடிவாச் சொன்னவளோ?"

"ஓம், வடிவாச் சொன்னவள்."

"அப்பாவை எத்தினையாம் திகதி எண்டு சொன்னவள்?"

"நாலாம் திகதி எண்டுதான்."

"நீங்கள் இடையில பூந்து மூண்டு எண்டு மாத்தேல்லையே? பிள்ளையிட்டப் போனைக் குடுங்கோ."

கொடுத்தேன்.