நாலாம் மாடி வெருளி

தவமலருக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தேத்தண்ணியைக் குசினிக்குள் நின்றபடியே குடிப்பாள். விடியப்புறம் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கத்துக் கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டு ஃபாரஸ்ட் கேட்டுக்குத் திரும்பி வந்தால், களைத்த மனிசி கட்டிலில் சாய வேண்டுமா இல்லையா? சாயமாட்டாள். கதவுப்பிடியைத் துடைப்பாள். துடைத்ததை மறுபடியும் துடைப்பாள்.

அவளுடைய குணமே அப்படி என்று கோயிலடியில் கதைத்தார்கள். குணமுமில்லை, மண்ணுமில்லை. ஒன்பது வருசமாகப் புருசனுக்காகக் காத்திருக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும்.

எண்பத்தாறில் அவளைக் கொண்டுவந்த ஏஜென்ட், கலியாணமாகாத வேறொருத்தியின் பாஸ்போர்ட்டைக் கையில் திணித்து, "கேட்டா கலியாணம் முடிக்கேல்லை எண்டு சொல்லு. இல்லாட்டி அடுத்த பிளேனிலை திரும்பி வருவாய்" என்றான். ஹீத்ரோவில் கேட்டார்கள். சொன்னாள். அந்தப் பொய் ஹோம் ஆபிஸ் ஃபைலில் ஏறிக் குந்திக்கொண்டது. தனக்கு நடராஜா என்று ஒரு புருசன் இருக்கிறான், அவன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்துக் கிடக்கிறான் என்பதை நிரூபிக்க அவளுக்கு இத்தனை வருசம் பிடித்தது. அந்தப் பொய்யின் விலை தெரிந்த அன்றைக்குத் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டாள்: யூனிஃபோம் போட்ட ஆளிடம் இனிப் பொய் சொல்வதில்லை.

தொண்ணூற்றைந்து கோடையில் விசயம் கடைசிப்படிக்கு வந்துவிட்டது. நடராஜாவின் இன்டர்வியூ முடிந்திருந்தது. "இனி ஒரு கறுப்புப்புள்ளியும் விழக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரனோடை சண்டைகூடப் பிடிக்காதேங்கோ" என்று லோயர் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டில் இருந்தது இசபெல். அவளோடு சண்டை பிடிப்பதைத் தவமலர் கனவிலும் நினைத்ததில்லை. எண்பத்தேழில் தவமலரைப் பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அச்சகத்தில் வேலை செய்த இந்த வெள்ளைக்காரி வேலை முடிந்த பிறகு மெசினைத் திறந்து, அனுப்பாதே என்று நோட்டீஸ் அடித்தாள். நோட்டீஸ் ஒருவரையும் காப்பாற்றாது, ஆட்கள் வந்து ஹோம் ஆபிஸ் வாசலில் நின்றால்தான் காப்பாற்றும். இசபெலுக்கு அது தெரியும். கதவு கதவாய்த் தட்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து மழையில் நிறுத்தினாள். தவமலர் இந்த நாட்டில் நின்றது அப்படித்தான்.

அப்போது இசபெலுக்கு நடக்கிற கால் இருந்தது. பிறகு நரம்பு வருத்தம் வந்தது. நடை போய்ச் சக்கர நாற்காலி வந்தது. இரண்டு கால்களும் தம்பாட்டுக்குத் துடித்து உதறும், நெஞ்சுவரைக்கும் மடங்கி இழுக்கும். டொக்டர் கொடுத்த குளிசைகள் அவளைத் தூங்க வைத்தன. கால்கள் தூங்கவில்லை.

யூலைக் கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அதே கிழமை அவளுடைய ஃபிளாட்டுக்கு யன்னல் மாற்றக் கவுன்சில் ஆட்கள் வருவதாக இருந்தது.

"என்ர செடிகளை உன்ர பல்கனிக்கு எடுத்துவை மலர்" என்றாள் இசபெல். அவள் பேசுவது இங்கிலீசு. தவமலரின் காதில் அது தமிழாகத்தான் விழும். "வேலைக்காரர் வந்தால் மிதிச்சுப் போடுவாங்கள்."

"என்ன செடி உது?"

"மருந்துச் செடி. காலுக்கு."

தவமலர் மேலே கேட்கவில்லை. மருந்து என்றால் மருந்து. இரண்டு பழைய குப்பைவாளி, ஒரு பெயின்ட் வாளி, உடைந்த பீங்கான் தொட்டி ஒன்று. எல்லாவற்றையும் இழுத்து இழுத்துத் தன் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள்.

அந்த ஓகஸ்ட் எரித்தது. வான்ஸ்டெட் வெளியில் புல் வைக்கோலாய்ப் போனது. கறுப்பு வாளிகளைத் தொட்டால் கை சுட்டது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் போய்விடும், இலைகள் தொங்கிவிடும். சும்மா இருக்கத் தெரியாதவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணி எல்லாம் அங்கேதான் போயிற்று. அரிசிச் சாக்கை நனைத்து வாளிகளைச் சுற்றிக் கட்டினாள். வெயில் நகர நகர வாளிகளையும் நகர்த்தினாள். செடிகள் அவளுடைய இடுப்பைத் தாண்டி, கம்பிக்கு மேலே தலையை நீட்டி, தோளைத் தொட்டன.

ஞாயிற்றுக்கிழமைகளில் புருசனின் தம்பி ஆனந்தராஜா சாப்பிட வருவான். பெற்றோல் கராஜில் வேலை. ஒருநாள் கைகழுவிவிட்டுப் பல்கனிக்குப் போனவன் அப்படியே நின்றான்.

"அண்ணி, இதென்ன?"

"இசபெலின்ர மருந்துச் செடி. வடிவாய் வந்திருக்கு என்ன?"

"வடிவோ? கராஜுக்கு வாற பெடியள் முக்கால்வாசிப்பேரின்ர சட்டையிலை இந்த இலைதான் கிடக்கு. இது கஞ்சா, அண்ணி!"

"விசர்க்கதை கதையாதை."

"மணந்து பாருங்கோ."

மணந்தாள். அந்த மணம் கொஞ்ச நாளாகவே வீட்டுக்குள் இருந்தது. எங்கேயோ பூனை புகுந்துவிட்டது என்று நினைத்துச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கே பிடுங்கி எறியுங்கோ. அண்ணையின்ர விசா கையிலை வரப்போற நேரத்திலை பொலிஸ் வந்தா என்ன சொல்லுவியள்? ஒன்பது வருசமும் தண்ணியிலை போயிடும். அந்த மனிசிக்கு உங்கட விசயம் தெரியும்தானே? தெரிஞ்சுகொண்டுதானே உங்கட தலையிலை கட்டினவ?"

அந்தக் கேள்விதான் தைத்தது. செடிகூட இரண்டாம்பட்சம்.

மறுநாள் கறுப்புப் பைகளை விரித்து வைத்துக்கொண்டு பல்கனியில் நின்றாள். முதல் செடியின் அடித்தண்டைப் பிடித்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வார்டிலிருந்து இசபெல்.

"என்ர பிள்ளையள் எப்பிடி இருக்கினம்?"

"நல்லாய் இருக்கினம்" என்றது தவமலரின் வாய். உனக்கு என்ன துணிச்சல், என்ர மனுசனைப் பற்றி ஒருக்கால் நினைச்சியோ என்று கேட்கத்தான் மறுபடியும் வாயைத் திறந்தாள். மறுமுனையில் கட்டில் கம்பியில் கால் மோதுகிற சத்தம் டங் டங்கென்று கேட்டது. போனை வைத்துவிட்டுக் கறுப்புப் பைகளை மடித்தாள்.

பிடுங்கவும் ஏலாது, வைத்திருக்கவும் ஏலாது. வீட்டுக்குள் நடந்தாள். குசினி, வாசல், பல்கனி, திரும்பக் குசினி. கீழ்வீட்டுக்காரி மேலே பார்த்துக் கூரையைத் தட்டினாள்.

முதலில் சேலைகளைக் கொடியில் போட்டு மறைத்தாள். மறைத்தால் வெயில் விழவில்லை, இரண்டு மூன்று நாளில் இலைகள் வெளிறத் தொடங்கின. சேலையை இழுத்துவிட்டால் எதிர்க் கட்டடத்திலிருக்கிற ஒவ்வொரு யன்னலும் கண்ணாய்த் தெரிந்தது. எல்லாக் கண்ணும் செடியில்தான் விழுகிறது. செழித்து வளர்ந்தால் கண் விழத்தானே செய்யும்? விழுகிற கண்ணைத் திருப்பிவிட என்ன செய்வோம்?

வெருளி கட்டுவோம். புது வீட்டுச் சுவரிலும் காய்க்கிற தோட்டத்திலும் கட்டுகிற, ஆள் மாதிரியான பொம்மை. வருகிறவன் முதலில் அதைப் பார்ப்பான், அவன் கண் அதோடு போய்விடும்.

ஆனந்தராஜாவின் பழைய காற்சட்டை ஒன்று கிடந்தது. சட்டையும் கிடந்தது. பேப்பரைக் கசக்கி அடைத்தாள். தலையணை உறையைத் தலையாக்கி, கரியால் முழியும் மீசையும் எழுதினாள். நாக்கு வெளியே தொங்குகிற மாதிரி ஒரு சிவப்புத் துணி. கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு, பல்கனியின் மேல்வளையில் கட்டித் தொங்கவிட்டாள். அந்தக் கிழமை முழுக்க இல்லாத ஒரு ஆறுதல் வந்தது. நாலாம் மாடியில், கழுத்தில் கயிறும் வெளியே நாக்குமாய் ஒரு ஆள் காற்றில் சுற்றிக்கொண்டிருப்பதை லண்டன் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று அவள் யோசிக்கவேயில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. செடி போய்விட்டதென்ற நினைப்பில் ஆனந்தராஜா சோற்றில் கைவைத்திருந்தான். கீழே சைரன் கேட்டது. ஒன்றல்ல, மூன்று. அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பொலிஸ் கார்.

"ஆரோ செத்துப்போச்சினம் போலை" என்று தவமலர் பல்கனிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ஆனந்தராஜாவும் எச்சில் கையோடு பின்னால் வந்தான். கீழே சனம் கூடி நின்றது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். எல்லாரும் இவர்களைத்தான் பார்த்தார்கள்.

ஆனந்தராஜா திரும்பினான். அப்போதுதான் தன் காற்சட்டை தூக்கில் தொங்குவதைக் கண்டான்.

"ஐயோ அண்ணி! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

"வெருளி. கண்படாமல் இருக்க."

"கண்படாமலோ! முழு லண்டனும் இப்ப இஞ்சைதான் நிக்குது!"

கதவு இடிபட்டது. திறக்காவிட்டால் உடைப்பார்கள். திறந்தாள். ஒரு இளம் பொலிஸ்காரன் அவளைத் தள்ளிக்கொண்டு பல்கனிக்கு ஓடினான். பொம்மையின் காலைப் பிடித்துத் தூக்கினான். கையில் பேப்பர் நசுங்கியதும் அவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படியே நிலத்தில் குந்திச் சிரித்தான். பின்னால் வந்த நடுத்தர வயதுப் பொலிஸ்காரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்தாள். சிரிப்பு நின்றது.

"இது ஆருடைய செடி?" என்று கேட்டாள்.

தவமலர் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. "பக்கத்து வீடு. இசபெல். ஆஸ்பத்திரியில் இருக்கிறா." தனக்குத் தெரிந்த இங்கிலீசில், தெளிவாய். யூனிஃபோமுக்குப் பொய் இல்லை. மழையில் நின்றவளின் பெயர் இவ்வளவு சுகமாய் வாயால் வழுக்கி விழுந்துவிட்டது.

ஆனந்தராஜா மூச்சு விட்டான். பொலிஸ்காரி விடவில்லை.

"இது என்ன செடியென்று உங்களுக்குத் தெரியுமா?"

இதற்குத்தான் தவமலர் ஆயத்தமாக இருக்கவில்லை. நெஞ்சு அடித்த அடியில் இங்கிலீசு போய்விட்டது. ஆனந்தராஜாவைப் பார்த்தாள்.

"ஓம், தெரியும் எண்டு சொல்லு தம்பி. பிந்தித்தான் தெரியும். ஆனா தெரியும்."

ஆனந்தராஜா அவளைப் பார்த்தான். பொலிஸ்காரியிடம் திரும்பி, நல்ல இங்கிலீசில், மரியாதையாய்ச் சொன்னான்: "தெரியாது என்கிறா. ஏதோ மருந்துக் கீரையென்று நினைச்சவவாம். எங்கட ஆட்கள் என்ன செடியைக் கண்டாலும் தண்ணி ஊத்துவினம்."

பொலிஸ்காரி தவமலரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனந்தராஜா சொன்னது ஒவ்வொரு சொல்லாய்த் தவமலருக்கு விளங்கியது. "நோ, ஐ நோ", இல்லை, எனக்குத் தெரியும் என்றால் போதும். குழந்தைகூடச் சொல்லும். லொட்ஜ் அறை கண்ணுக்குள் வந்தது. அவளுடைய கை துடைக்கத் துணி தேடவில்லை, கால் அடுத்த அடி வைக்கவில்லை. அந்தக் கோடையில் முதல்முறையாக அசையாமல் நின்றாள். வாய் திறக்கவில்லை.

இளம் பொலிஸ்காரன் செடிகளைப் பிடுங்கிப் பைகளில் அடைத்தான். நனைந்த சாக்குகளை மட்டும் விட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் இசபெல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கட்டிலில் கிடக்கிறவளுக்கு வழக்குப் போட்டு என்ன காணப்போகிறார்கள்? எச்சரித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் வீடு திரும்பிய அன்று இரண்டு பேரும் வாசலில் சந்தித்தார்கள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள் தவமலர். "என்ர மனுசன் வரப்போறார் எண்டு உனக்குத் தெரியும்."

"சொல்லியிருந்தா ஓம் எண்டிருப்பாயோ?"

"ஓம் எண்டிருப்பன்! கேட்டுப் பாத்தியோ நீ? நோட்டீஸ் அடிக்கிற நேரம் என்ர பேரைப் போடலாமோ எண்டு கேட்டனீ. இதுக்கு மட்டும் கேக்கேல்லை."

இசபெல் நாற்காலியைத் திருப்பினாள். கதவைச் சாத்தினாள். நாற்காலிச் சில்லு உள்ளே போகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு வார்த்தை இல்லை. சுவர் மட்டும் பேசியது. கால் மோதுகிற சத்தம் இந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கத்து நடை அந்தப் பக்கம் கேட்கும்.

நவம்பரில் ஒரு பின்னேரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. நடராஜாவின் குரல் கத்தியது: "குத்திப்போட்டாங்கள்! விசா குத்திப்போட்டாங்கள்! புதன்கிழமை வாறன்!"

போனை வைத்துவிட்டு அவள் ஆனந்தராஜாவுக்கு அடிக்கவில்லை. கோயிலுக்கு ஓடவில்லை. செருப்புப் போடாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளினாள். பூட்டியிருக்கவில்லை.

இசபெல் கட்டிலில் கிடந்தாள். போர்வைக்குள் கால்கள் துடித்துக்கொண்டிருந்தன. முகம் வேர்த்திருந்தது.

"புதன்கிழமை வாறார்" என்றாள் தவமலர்.

"ஆர்?"

"என்ர மனுசன்."

இசபெல் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் வலதுகால் இழுத்தது. "அழுத்து" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "கெதியாய் அழுத்து."

தவமலர் கட்டில் ஓரத்தில் இருந்தாள். இரண்டு முழங்கால்களிலும் உள்ளங்கையை வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். கைக்குக் கீழே அது திமிறியது. விட்டால் எழும்பும். விடவில்லை.

"எத்தினை மணிக்குப் பிளேன்?" என்று இசபெல் கேட்டாள்.

"கேக்க மறந்திட்டன்" என்றாள் தவமலர். எழும்பாமல் இன்னும் கொஞ்சம் பலமாய் அழுத்தினாள்.