பஸ் முழுக்கக் கேட்ட பாட்காஸ்ட்

மார்பில் கட்டி தட்டுப்பட்டதிலிருந்து அதைப் பற்றிய பாட்காஸ்ட்டாகவே தேடித் தேடிக் கேட்டேன். பாதி டாக்டர் ஆகிவிட்ட நினைப்பு. நிஜ டாக்டரிடம் போகத்தான் தைரியமில்லை.

ஒரு காலை, திருக்கழுக்குன்றத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறியதும் இயர்போன் இணைவதற்குள் பிளேயை அழுத்திவிட்டேன். "மார்பில் வரும் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல" என்று போன் பஸ் முழுக்க முழங்கியது. கூசிப்போய் நிறுத்தினேன்.

பக்கத்து சீட்டுப் பெண் குனிந்து, "ஏம்மா நிறுத்திட்ட? எனக்கும் ஒண்ணு கீது. வூட்ல கூட சொல்லல" என்றாள்.

"எனக்கும்தான்க்கா."

"டாக்டராண்ட காட்டினியா?"

"இல்லக்கா, பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லியா? வா, ரெண்டு பேருமா போலாம்."

செங்கல்பட்டில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருவருக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்த அன்று, வராந்தாவில் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அந்த இயர்போன் அன்று உடனே இணைந்திருந்தால், நான் இன்னமும் பாட்காஸ்ட்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.