தம்பி வீட்டுச் சுவரில் அம்மாவின் இஸ்திரிப் பெட்டி

பெங்களூரில் தம்பி புது ஃபிளாட் வாங்கி ஜெபம் வைத்திருந்தான். ஜெபம் முடிந்ததும் வந்தவர்கள் ஹாலில் மாட்டியிருந்த ஒரு படத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் அம்மாவின் பித்தளை இஸ்திரிப் பெட்டியைப் பேனாவால் வரைந்த படம். “எவ்ளோ ஆன்டிக்கா இருக்கு பாருங்க” என்றாள் ஒருத்தி. கையில் ஒரு தடவை கங்கு பட்டிருந்தால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது.

குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றே கிட்டே போய்ப் பார்த்தேன். ஓட்டைகளில் படிந்த கரி, கொக்கியில் தேய்ந்துபோன சேவல் தலை, கைப்பிடியின் விரிசலில் அம்மா சுற்றிய செம்புக் கம்பி, எல்லாம் இருந்தது. கம்பியின் முறுக்கு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்து வரைந்திருந்தான் அந்த ஆள். அதை ஒப்புக்கொள்ளவே எரிச்சலாக இருந்தது. அந்தப் பெட்டியால் ஒரு துணிகூடத் தேய்க்காத என் தம்பியோ, தானே வார்த்து எடுத்ததுபோல எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். அவன் ஸ்கூல் சட்டைக்கெல்லாம் பெட்டி போட்டது நான்.

நாங்கள் வளர்ந்த ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் துணிக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போகும். கங்கு அணைவதற்குள் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆறிப்போன பெட்டியை நீட்டினால் மரியாதை போச்சு. கடைசி வீட்டிலிருந்து அது தானாகவே எங்களிடம் வந்துவிடும். எப்போது தருவாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில்தான், படம் வரையக் கொடுக்க வேண்டும் என்று தம்பி வந்தபோதும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். அம்மா போன பிறகு அவள் கை பட்டது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

“பெட்டி எங்கடா?” என்றேன்.

“வரைஞ்சவருக்கே குடுத்துட்டேன்க்கா. ஆசையா கேட்டாரு. அதுல மணிபிளாண்ட் வச்சிருக்காரு, சூப்பரா கீது.”

“யாரக் கேட்டுக் குடுத்த?”

“படம்தான் இருக்குதே. பெட்டி இன்னாத்துக்கு?”

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். “பெட்டியக் கொண்டாந்து குடுத்துட்டு இத எடுத்துனு போ” என்றேன். விருந்தாளிகள் தட்டைப் பார்த்தபடி பிரியாணி சாப்பிட்டார்கள். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

படம் என் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டி வரவில்லை. படத்தைக் கேட்டுக்கூட அவன் வரவில்லை. போன வாரம் அவன் மனைவி போனில் சொன்னாள், படம் இருந்த இடத்தில் டிவி மாட்டிவிட்டார்களாம்.