இடைவேளையில் ஒரு டீ

பக்கத்து அறையில் யாரோ மேசைமேல் மூன்று முறை தட்டினார்கள். கேரத்தின் பீங்கான் கோப்பைதான். கிரிம்டேல் டவுன் கால்பந்துக் குழுவின் தலைவர் அவர். எங்கள் கிளப்பில் மணியும் கிடையாது, சுத்தியலும் கிடையாது. தீர்மானம் நிறைவேறினால் கோப்பையால் தட்டுவார்.

"முடிஞ்சுது போல," என்றாள் டோரீன், டீ பாய்லரைத் துடைத்தபடி. "இனி டீ கேப்பாங்க. அந்த பிஸ்கட் டப்பாவை எடு கண்ணு. முழுசைக் குடுத்துடாதே, உடைஞ்சதைக் குடு. கமிட்டிக்கு அது போதும்."

நான் டப்பாவையும், அவள் டீத் தட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உக்காரு டோரீன்," என்றார் கேரத். "கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வென்ஷாவோட ஆட்டம் இருக்குல்ல? ஆயிரத்து ஐநூறு பேர் வருவாங்க போலிருக்கு. போலீஸ் சொல்லிட்டாங்க, ரெண்டு ஊர்க்காரங்களையும் பிரிச்சுத்தான் நிறுத்தணுமாம். நடுவுல இரும்புத் தடுப்பு. அவங்களுக்கு வாய்க்கால் பக்கம் தனி வாசல், தனி கழிப்பறை, தனி டீ வண்டி."

"அப்போ இடைவேளையில பக்கம் மாறி நடக்கறது?"

"அது இந்த வாட்டி இல்ல."

"போச்சு," என்றார் மூலையில் இருந்த கிழவர் ஸ்டான். "டாக்டர் எனக்குச் சொன்ன ஒரே உடற்பயிற்சி அதுதான்யா. இனி இருதயம் நின்னா கமிட்டிதான் பொறுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். டோரீனும் சிரித்தாள். ஆனால் உடைந்த பிஸ்கட்டுகளை விட்டுவிட்டு, முழு பிஸ்கட்டுகளாக எடுத்துக் கேரத்தின் தட்டில் வைத்தாள். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அவளுக்கு அடுத்த வீட்டில் இருபது வருஷமாகக் குடியிருப்பவள் நான். டீக்கடை ஜன்னலில் அவளுக்குப் பக்கத்தில் பதினாலு வருஷமாக நிற்பவள். அவள் கவனம் எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்களைப் போன்ற சின்ன மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. தன் அணி எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ, அந்தக் கோலுக்குப் பின்னால்தான் ரசிகர்கள் நிற்பார்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், ரசிகர்களும் மாறுவார்கள். மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டிய ஒற்றைப் பாதையில் அவர்கள் இந்தப் பக்கம், நாங்கள் அந்தப் பக்கம். எதிரெதிரே கடந்து போகும்போது கிண்டலுக்குக் குறைவிருக்காது. "உங்க கோல்கீப்பருக்குக் கண்ணாடி வாங்க உண்டியல் வைக்கட்டுமா?" என்று ஒருவன் கேட்பான். "வைங்க, உங்க மேனேஜருக்கு மூளை வாங்க நாங்க வைக்கறோம்," என்று பதில் வரும். அந்தப் பாதையின் நட்ட நடுவில் இருக்கிறது டோரீனின் டீக்கடை ஜன்னல். நாற்பத்தேழு வருஷமாக இரண்டு கூட்டமும் அவளைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

வென்ஷாக் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை, நீல மஃப்ளரோடு, அவள் அண்ணன் நெவில் வருவார்.

ஆறு மைல் தள்ளியிருக்கும் வென்ஷாவில் ஐரிஸைக் கட்டிக்கொண்டு, அங்கேயே தங்கி, அந்த ஊர் அணிக்கே கத்தத் தொடங்கியவர். அதையெல்லாம் டோரீன் மன்னித்துவிட்டாள். மன்னிக்காதது ஒன்றே ஒன்று. பத்தொன்பது வருஷத்துக்கு முன், இதே கிறிஸ்துமஸ் மறுநாளில், அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மதியம் மூன்றே முக்கால் மணி, இங்கே இடைவேளை நேரம். பக்கத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கூடியிருந்த இடத்தில், ஊரே கேட்க நெவில் சொன்னார்: "அம்மா சாகறப்ப, இவ பந்து மைதானத்துல டீ ஊத்திக்கிட்டிருந்தா."

டோரீன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மழையில் நடந்தே வீட்டுக்குப் போனாள். அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

ஆனால் அடுத்த வருஷம், இடைவேளையில், நெவில் அவள் ஜன்னலில் வந்து நின்றார். வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. இரண்டு சர்க்கரை போட்டு, பால் கொஞ்சம் தூக்கலாக, ஒரு டீயை எடுத்து வைத்தாள். அவர் குடித்தார், கோப்பையை வைத்தார், தன் கூட்டத்தோடு நடந்தார். அன்றிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. ஒரு வருஷம் கைத்தடியோடு வந்தார். போன வருஷம் நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்த முகத்தோடு, காகிதம் போல வெளுத்து வந்தார். அவர் போன பிறகு டோரீன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வருஷத்துக்கு ஒரு டீ. அவளுக்கு அண்ணன் என்று மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். அதன் குறுக்கேதான் இப்போது இரும்புத் தடுப்பு.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தக் கூட்டத்தைச் சேர்த்ததே அவள்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் டோரீன். பெரிய லீகுகள் எங்கோ மேலே இருக்க, ஏழாவது படியில் எண்பத்தேழு பேர் முன்னால் ஆடிக்கொண்டிருந்த கிளப்பை மூடிவிடலாம் என்று கமிட்டி பேசிய குளிர்காலத்தில், அவள் பள்ளி வாசலில் போய் நின்றாள். "சனிக்கிழமை மைதானத்துக்கு வந்தா சுடச்சுட சிப்ஸ் தருவேன். ஆனா தனியா வரக்கூடாது, வீட்ல ஒரு பெரியவங்களை இழுத்துக்கிட்டு வரணும்," என்று ஒவ்வொரு குழந்தையிடமும் சொன்னாள். வந்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி நர்சுகள் வந்தார்கள். அகதி விடுதியிலிருந்து நான்கு குடும்பங்கள் வந்தன. அதில் ஒருவர் ஒரு பெரிய முரசைக் கொண்டுவந்தார், இன்றுவரை அதுதான் எங்கள் ஆரவாரத்துக்குத் தாளம். மஞ்சளும் கறுப்புமாக அவள் பின்னிய மஃப்ளர்கள் மட்டும் முந்நூறு இருக்கும். இப்போது சாதாரண ஆட்டத்துக்கே தொள்ளாயிரம் பேர்.

"தடுப்புல ஒரு கதவு விடச் சொல்லி கேரத்கிட்ட கேளேன்," என்றேன் வீட்டுக்குத் திரும்பும் வழியில்.

"எதுக்கு? என் குடும்பச் சண்டைக்காகவா? ஆயிரத்து ஐநூறு பேரோட பாதுகாப்பு விஷயம் கண்ணு. போ, கடைசி பஸ் போயிடும்."

"நான் உன் பக்கத்து வீடு டோரீன். நடந்துதான் போகணும்."

"ஆமா, மறந்தே போச்சு," என்றாள்.

ஆட்ட நாள் வந்தது. தரை வெள்ளையாக உறைந்து, மதியம்தான் இளகியது. சொன்ன மாதிரியே கூட்டம். முதல் பாதியில் வென்ஷா ஒரு கோல் போட்டது. வாய்க்கால் பக்கம் நீலமாகக் குதித்தது. டோரீன் ஜன்னலிலிருந்து எட்டி எட்டி அந்தப் பக்கமே பார்த்தாள். அத்தனை தலைகளில் எந்தத் தலையைக் கண்டுபிடிப்பது?

இடைவேளை விசில் ஊதியது. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் பழைய ஆட்கள், ஐம்பது வருஷப் பழக்கத்தில், கால் போன போக்கில் பக்கம் மாற நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டான்தான் முன்னால். புதிதாக வந்தவர்கள், 'இப்படித்தான் போகணும் போல' என்று அவர்கள் பின்னாலேயே போனார்கள். எதிர்ப்பக்கமும் அதே கதை. கடைசியில் இருநூறு முந்நூறு பேர் தடுப்பின் இரண்டு பக்கமும் வந்து முட்டி நின்றார்கள். ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்னய்யா, சிறையில யாரு? நீங்களா, நாங்களா?" என்று கத்தினார் ஸ்டான்.

"சாவி உங்ககிட்ட இருந்தா நாங்கதான்!" என்று பதில் வர, இரண்டு பக்கமும் வெடித்துச் சிரித்தது.

டோரீன் அதைப் பார்த்தாள். சட்டென்று ஒரு கோப்பையை எடுத்து, இரண்டு சர்க்கரை போட்டு, பால் தூக்கலாக ஊற்றினாள்.

"ஜன்னலைப் பாத்துக்கோ."

"டோரீன், வரிசை கதவு வரைக்கும் நிக்குது!"

"நிக்கட்டும்."

நாற்பத்தேழு வருஷத்தில் முதல் முறையாக இடைவேளையில் அவள் கடையை விட்டு இறங்கினாள். ஏப்ரனோடு, டீயை நெஞ்சருகில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து தடுப்பை நோக்கிப் போனாள்.

அவள் போய் ஐந்து நிமிஷம் இருக்கும். வரிசையில் அடுத்து நின்றவர் மஞ்சள் கறுப்பு மஃப்ளர் கட்டிய ஒரு வயதானவர். "ரெண்டு சர்க்கரை," என்றார். "பால் கொஞ்சம் தூக்கலா."

நான் நிமிர்ந்தேன். எங்கள் மஃப்ளருக்கு மேலே அந்த வெளுத்த முகம். அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இத்தனை வருஷமும் அவர் கேட்காமலேயே டீ வந்துகொண்டிருந்ததே!

"அவ எங்க?" என்றார் நெவில்.

"உங்களுக்கு டீ கொடுக்கத்தான் தடுப்புகிட்ட போயிருக்கா," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அத்தனை முதுகுகளுக்கு நடுவே அவளைக் காணவில்லை. பின்னாலிருந்து, "யோவ் பெரியவரே, டீ வாங்கறியா, குடித்தனம் பண்றியா?" என்று ஒருவன் கத்தினான். நெவில் நான் கொடுத்த டீயை வாங்கினார். குடிக்கவில்லை. ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் போய்விட்டார். நான்கு பேருக்கு டீ ஊற்றிய பிறகு டோரீன் வந்தாள். அவள் கையிலும் ஆறிப்போன ஒரு டீ.

"வரல," என்றாள். "அந்தப் பக்கம் ஒருத்தன்கிட்ட கேட்டேன். நெவில் இந்த வருஷம் எங்க பஸ்ஸுல ஏறவே இல்லைன்னான். செத்துகித்து..."

"டோரீன், இங்க வந்தார். நம்ம மஃப்ளர் கட்டிக்கிட்டு, நம்ம பக்கம் நின்னு, இந்த ஜன்னலுக்கே வந்தார்."

அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். தன் கையிலிருந்ததை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கோப்பைகளும் ஒரே நிறம். அடுத்த பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்ததுகூட அவள் காதில் விழவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு, ஈரத் துணிகளையும் பாய்லர் மூடியையும் அவள் வீட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. நெவில் நின்றிருந்தார். கழுத்தில் இன்னும் அந்த மஃப்ளர். நான் கிளம்பப் போனேன். "நீ இரு," என்றாள் டோரீன். நான் கழுவு தொட்டி ஓரமாக நின்றுகொண்டேன்.

"உள்ள வா. குளிர் வருது," என்றாள் அண்ணனிடம். பத்தொன்பது வருஷத்தில் முதல் வார்த்தை.

அவர் உட்கார்ந்தார். அவள் கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டி, எங்கள் ஊர் வழக்கப்படி மேலே ஒரு துண்டு சீஸ் வைத்து நீட்டினாள்.

"நம்ம பக்கம் டிக்கெட் உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும்தானே. எப்படி வாங்கின?"

"முகவரி கேட்டாங்க. நம்ம வீட்டு முகவரியைக் குடுத்தேன்." அவர் சுவரைப் பார்த்தார். "இது அம்மா இருந்த வீடுதானே. பொய் இல்லையே. ஆனா எங்க டீம் பையன் கோல் போட்டப்ப நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னேன் பாரு... அந்தப் பாவத்தைக் கடவுள் மன்னிக்கவே மாட்டார்."

டோரீனின் உதடு அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"டோரி," என்றார் அவர். "அன்னிக்கு நான் மில்லுல வேலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஐரிஸ்கிட்டகூட."

"தெரியும்."

"அம்மா போன நேரத்துல உன் ஜன்னல்ல நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தவன் நான்தான்."

"தெரியாம என்ன? ஊத்தினது நான், குடிச்சது நீ."

"அப்புறம் அத்தனை பேர் நடுவுல உன்மேல பழியைப் போட்டேன். நீ வாயைத் திறந்திருந்தா அன்னிக்கே நான் செத்திருப்பேன். ஏன் சொல்லல?"

டோரீன் மேசைத்துணியின் சுருக்கத்தை நீவினாள். "அம்மாதான் என்னைப் போகச் சொன்னா. 'போய் டீ ஊத்து, நெவி வந்தா ரெண்டு சர்க்கரை போடு'ன்னு சொல்லித்தான் அனுப்பினா. நீ வருவேன்னு அவளுக்குத் தெரியும். பெத்தவளே தெரிஞ்சு மன்னிச்சதை நான் போய் ஊர்ல சொல்லவா?"

எழுபத்து மூன்று வயது மனிதர் அந்த மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. குழாயைத் திறந்துவிட்டு நானும் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டோரீன் மட்டும் அழவில்லை. எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டாள். இரண்டு சர்க்கரை. பால் தூக்கலாக. இந்த முறை டீ ஆறவில்லை.

"இன்னிக்குக் காலையில ஐரிஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றார் குடித்து முடித்து. "ரெண்டு மணி நேரம் பேசல. அப்புறம், 'போய் உன் தங்கச்சிகிட்ட சொல்லு, எங்கிட்ட ஏன் சொல்றே'ன்னா. வெளியில கார்ல உக்காந்திருக்கா."

"இந்தக் குளிர்லயா? கூப்பிடுடா அவளை!"

"இன்னிக்கு வேண்டாம். அவளுக்கும் கொஞ்சம் நேரம் குடு."

வாசலில் நின்று மஃப்ளரைக் கழற்றி, சின்னதாக மடித்து, கோட்டுக்கு உள்ளே நெஞ்சோடு சேர்த்துச் செருகினார். "தெருவுல எவனாவது எங்க ஊர்க்காரன் பாத்தா என் கதை முடிஞ்சுது," என்றார். பிறகு, "மார்ச்சில எங்க மைதானத்துல ஆட்டம். நீ வந்ததே இல்ல. டீ கேவலமா இருக்கும்," என்றார்.

"ஃபிளாஸ்க்குல கொண்டு வரேன்."

"தடுப்பு இருக்கும்."

"முகவரி குடு. உங்க பக்கமே நிக்கறேன். ஆனா கைதட்ட மாட்டேன்."

அவர் கைத்தடியை ஊன்றி, உறைந்த நடைபாதையில் மெல்ல இறங்கினார். காரின் உள்விளக்கு எரிந்தது. முன்னிருக்கையில் ஒரு பெண்ணின் கை உயர்ந்து, தயங்கி, அசைந்தது. டோரீனும் கையை அசைத்தாள். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.