முட்டி ஆபரேஷனும் நான்கு நாற்காலிகளும்

டைல்ஸ்காரர், ஊரார் வீட்டுத் தரையிலெல்லாம் மண்டி போட்டே காலத்தைத் தள்ளியவர். அதைவிடப் பெரிய பணி ஒன்றும் அவருக்கு இருந்தது. உறவில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஃபிளாஸ்கும் ஆரஞ்சுப் பழமுமாக முதல் ஆளாய்ப் போய் நிற்பார். "இப்ப வலி எப்படி இருக்கு?" என்று கேட்பார். நோயாளி கொட்டாவி விடுவதற்குள் எழுந்துவிடுவார். அப்படியொரு நாகரிகம்.

ஆகவே அவர் முட்டிக்குள்ளேயே ஜவ்வு கிழிந்தபோது, மனைவி போனபின் ஆள் அரவமற்றுக் கிடந்த வீட்டுக்கு விடிவு வந்ததாகவே எடுத்துக்கொண்டார். போட்ட விசாரிப்பெல்லாம் திரும்பி வந்தாக வேண்டுமே. முக்கியமாகத் தங்கை. அவள் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே காவல் கிடந்தவர் இவர். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு, சுற்றிலும் நான்கு நாற்காலிகளைத் துடைத்து வைத்தார்.

டாக்டர்தான் காரியத்தைக் கெடுத்தார். கீ-ஹோல் ஆபரேஷனாம், சட்டைப் பொத்தான் நுழைகிற அளவுக்கு இரண்டே துளையாம். ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம், ஊன்றுகோலோடு அன்றைக்கே நடக்கலாம், வீக்கத்துக்கு ஐஸ் வைத்தால் போதும் என்றார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வெட்ட முடியாதுங்களா?" என்று கேட்டார் டைல்ஸ்காரர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷனின்போது இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. தன் முட்டியின் உள்ளறையைத் திரையில் பார்த்தார். தரையைப் பெயர்க்காமலே அடியில் ஒழுகும் குழாயைச் சரிசெய்கிற மாதிரி வேலை. அத்தனை சுத்தம். அதுதான் வயிற்றெரிச்சல்.

துணைக்கு வந்த கொத்தனார் அவரைக் கட்டில்வரை கொண்டுவந்து விட்டார். துளையைக் காட்டச் சொன்னார். கட்டுப் போட்டிருந்ததால் ஏமாந்து, கலவை காய்ந்துவிடும் என்று ஓடிப்போனார்.

டைல்ஸ்காரர் தங்கைக்குப் போன் போட்டார்.

"கீ-ஹோல்தானே அண்ணா? எங்க வீட்டுக்காரர் பல்லு புடுங்கினது இதைவிடப் பெருசு. நடக்கலாம்னு சொல்லிட்டாங்கல்ல, நீயே ஒரு நடை இங்க வந்துட்டுப் போயேன்."

சரிம்மா என்று வைத்துவிட்டார்.

அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, கட்டிலைச் சுற்றி வந்தார். முட்டி கெஞ்சியது. முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே காலிக் கட்டில். தலையணையில் அவர் தலை வைத்திருந்த பள்ளம்.

"இப்ப வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, நோயாளியை ரொம்ப நேரம் தொந்தரவு செய்யக்கூடாதென்று எழுந்துகொண்டார்.