கவியரசனுக்கு என்ன வேலை

கோட்டைக்குப்பத்தில் கவியரசன் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். கவியரசனுக்கு என்ன வேலை என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். வெளிநாட்டில் இருக்கிறான் என்பார்கள். பந்து ஆடுகிறான் என்பார்கள். அவன் மாமியார், சொந்தக்காரர்கள் துருவிக் கேட்டால் சொல்வதற்கென்று ஒரு பதில் வைத்திருந்தாள்: "ஏர்போர்ட்டுக்குப் போய் வர்ற வேலை."

அவன் இரட்டையர் டென்னிஸ் ஆட்டக்காரன். பதினான்கு வருடமாக அது ஒன்றைத்தான் செய்கிறான். ஒற்றையர் ஆட்டத்தில் அவனுக்குத் தரவரிசையே கிடையாது. இரட்டையரில் ஒரு சமயம் உலகத்தில் இருநூற்று அறுபத்தெட்டாவது ஆளாக இருந்தான். முப்பத்துமூன்று வயதில் இப்போது நானூற்றுச் சொச்சம். பதினோரு கோப்பைகள் வாங்கியிருக்கிறான். அதில் பெரியது ஒன்றில் மனைவி கோமளா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

அவன் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே ஆள் குறைந்த இடத்தை நிரப்பத்தான். படிப்புக்காக மீஞ்சூரில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கம்பெனிக் குடியிருப்பு. அங்கே செம்மண் கோர்ட்டில் சாயங்காலம் இன்ஜினியர்கள் ஆடுவார்கள். நாலு பேர் வேண்டும்; ஒருவர் எப்போதும் ஷிப்டில் மாட்டிக்கொள்வார். பந்து பொறுக்கிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவனோடு சேர்ந்தவருக்கு முழங்கால் வலி இருக்கும், இல்லாவிட்டால் தொப்பை இருக்கும். அவருக்கு எட்டாத பந்துக்கெல்லாம் இவன் ஓட வேண்டும். ஓடியது தெரியவும் கூடாது. தெரிந்தால் அவருக்கு முகம் சுண்டிவிடும். பதினாறு வயதில் முதல் தடவை ஒற்றையர் ஆடியபோது அரை மணி நேரத்தில் தோற்றான். பாதி கோர்ட் தன்னுடையது இல்லை என்ற நினைப்பு அதற்குள் உடம்பில் ஊறிவிட்டிருந்தது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. பிறகு எகிப்து, துனிசியா, உஸ்பெகிஸ்தான் என்று பெரிய ஆட்டக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஊர்களில் சின்னச் சின்னப் போட்டிகள். ஓட்டல் அறையில் மூன்று பேர். சாப்பாட்டுச் செலவுக்கு மற்றவர்களின் மட்டைகளுக்கு நரம்பு கட்டிக் கொடுப்பான். முதல் எட்டு வருடத்தில் ஏழு ஜோடிகள் மாறின. ஏழு பேரும் வாட்ஸ்அப்பில்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டாவதாக வந்தவன் பிராங்க்ளின், பெரம்பூர் ரயில்வேக்காரர் மகன். ஆறடி உயரம். முதல் சர்வீஸ் போட்டால் எதிரில் இருப்பவன் ஒதுங்குவான். இரண்டாவது சர்வீஸ் பாதி நேரம் வலையில் விழும். அவன் வலப்பக்கம், கவியரசன் இடப்பக்கம். ஆறு வருடம் இந்த ஜோடி நின்றது.

இதெல்லாம் கோட்டைக்குப்பத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. ஊருக்கு அவன் நீலமேகத்தின் மூத்த மகன், பாடு பட்டியலில் பேர் உள்ளவன்.

பழவேற்காடு ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. அங்கே யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பெயர் பாடு. வீட்டுக்கு ஒரு பேர். வருடத்துக்கு ஒரு முறை சீட்டு எடுப்பார்கள். அதன்படி இருபது நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் முறை வரும். நீலமேகம் அறுபது வயதில் ஒதுங்கியபோது பேர் கவியரசனுக்கு வந்தது. ஆனால் அவன் முறைக்கு ஏரியில் இறங்கியது மூன்று வருடத்தில் நாலைந்து தடவைதான். மற்ற நாளெல்லாம் தம்பி சந்தோஷ் போனான். இருபத்துநாலு வயசு. ஏரியைத் தவிர வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது.

இந்த வருடம் ஊர்க்காரர் எத்திராஜ் இதைப் பற்றித் தலைவரிடம் பிராது கொடுத்தார். அவருக்குக் கவியரசன் மேல் விரோதம் எதுவும் இல்லை. அவருடைய மருமகப்பிள்ளை பட்டியலில் பேர் வர நாலு வருடமாகக் காத்திருந்தான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது. தலைவர் வீரராகவன், கவியரசனுக்குப் பெரியப்பா முறை.

"முன்னால வாபா. பயப்படாத. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. உனக்கு இன்னா வேலை?"

"டென்னிஸ் ஆடறேன் பெரீப்பா."

"அது தெரியும். டி.வி.ல ஒருதபா உன் முதுகைக் காட்டுனாங்களே."

கூடம் சிரித்து அடங்கியது.

"முதலாளி யாரு?"

"யாரும் இல்ல."

"மாசச் சம்பளம்?"

"கெடையாது. ஜெயிச்சா வரும்."

"தோத்துட்டா?"

"அடுத்த ஊருக்குப் போவோம்."

"அத்தனை தூரம் போற செலவு?"

"எங்களுதுதான்."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். "வர்றதை எப்பிடிப் பங்கு போடுவீங்க?"

"பாதி பாதி தாத்தா."

"நல்லா ஆடுனவனுக்கும் பாதி, சும்மா நின்னவனுக்கும் பாதியா?"

"ஆமா. யாரு நல்லா ஆடுனதுன்னு பாக்க ஆரம்பிச்சா ஜோடி நிக்காது."

கிழவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். அவருடைய மகன்கள் இருவரும் அதைப் பார்க்க ஆரம்பித்துத்தான் போன வருடம் படகைப் பிரித்துக்கொண்டார்கள்.

"ஜொரம் கிரம் வந்தா?" என்றார் வீரராகவன்.

"ஆட முடியாது. கூட இருக்கறவனும் ஆட முடியாது. ரெண்டு பேரும் வெளிய."

"உனக்கு பதிலா வேற ஆளு போனா?"

"விட மாட்டாங்க பெரீப்பா. பேர் குடுத்தவன்தான் வரணும்."

எத்திராஜ் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "கேட்டுக்கினீங்களா எல்லாரும்? அங்க பேர் குடுத்தவன்தான் வரணும். இங்க மட்டும் இவரு பேரு, தம்பி காலு!"

இந்த முறை சிரிப்பு பலமாக வந்தது. சுவரோரம் நின்ற சந்தோஷ் தன் காலையே பார்த்துக்கொண்டான். எத்திராஜ் சொன்னது சரி என்று கவியரசனுக்கே தெரியும்.

ஊரில் இதற்கு ஏற்கெனவே கட்டுப்பாடு உண்டு. உத்தியோகம் கிடைத்துப் போகிறவனை ஊர் மரியாதையாக அனுப்பும். அவன் பேர் வீட்டிலேயே தம்பிக்குப் போகும். வேறு தொழிலுக்குப் போகிறவன் பேரை மட்டும் ஊர் எடுத்துக்கொள்ளும். முன்பு ஒருவன் ஐஸ் கடை வைத்துக்கொண்டு, தம்பியை விட்டுப் பாட்டையும் அனுபவித்ததில் வந்த கட்டுப்பாடு அது.

வீரராகவன் இரண்டு பக்கமும் குனிந்து பேசிவிட்டு நிமிர்ந்தார். "முதலாளி இல்ல, சம்பளம் இல்ல. கைக்காசு போட்டுப் போறான், கெடைச்சா உண்டு, கெடைக்கலன்னா இல்ல. இது உத்தியோகம் இல்லபா. தொழில்."

யாரும் மறுக்கவில்லை. வங்கியில் கடன் கேட்டபோதும், விசா ஜன்னலிலும், மாமனார் வீட்டிலும் கவியரசன் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தும் யார் வாயிலிருந்தும் வராத வார்த்தை அது. கடைசியில் வந்தபோது அவனுக்கு எதிராக வந்தது.

"அடுத்த ஞாயிறு சீட்டு. அதுக்குள்ள சொல்லிடு. முறைக்கு முறை நீயே வர்றதுன்னா பேர் இருக்கட்டும். வேற தொழில்தான்னா ஊர் எடுத்துக்கும். இல்ல, எங்கனா உத்தியோகத்துல சேர்றியா, கடுதாசியக் காட்டு, தம்பி பேரை எழுதிக்கறோம்."

அன்று சாயங்காலம் கோமளா நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். எதையும் இரண்டு தடவை சொல்லிப் பழக்கம்.

"இருவது நாளைக்கு ஒருதபா வந்துட்டுப் போக முடியாதா?"

"துனிசியாவே மூணு வாரம். செவ்வாக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பேர் குடுக்கணும். பிராங்க்ளின் காத்துக்கினு இருக்கான்."

"இருவது நாளைக்கு ஒருதபாகூட முடியாது. சரி."

"சேத்துப்பட்டு கிளப்புல செகரட்டரி கோச் வேலைக்கு வா வான்னு ரெண்டு வருசமா கூப்பிடறாரு. அவருகிட்ட சும்மா ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு..."

கோமளா கையை நிறுத்தினாள். "தினம் பொன்னேரி ரயில்ல நம்ம ஊர்ப் பசங்க இருவது பேர் மெட்ராஸ் போறானுங்க. ஒருத்தன் கிளப் வாசல்ல எட்டிப் பாத்தா போதும். பொய்க் கடுதாசின்னு தெரிஞ்சா உங்க பேரோட உங்க தம்பி பேரும் போவும்." பிறகு மறுபடி நண்டை எடுத்துக்கொண்டாள். "நான் போங்கன்னும் சொல்லல, இருங்கன்னும் சொல்லல. நாலு வருசம் கழிச்சி உன்னாலதான்னு என்னைச் சொல்லக் கூடாது."

"நைனா, நீ இன்னா சொல்ற?"

நீலமேகம் செல்போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "என்னை இன்னாத்துக்குக் கேக்கற? எனக்கு எங்க இருந்தாலும் சோறு வரும். அவனைக் கேளு."

சந்தோஷ் கேட்பதற்கு முன்பே சொன்னான். "நீ போ ணா. பேர் போனா போவட்டும். நான் ஏதாவது கம்பெனில சேந்துக்கறேன். நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கவியரசன் பலமுறை கேட்டிருக்கிறான். தோளில் வலி வைத்துக்கொண்டு பிராங்க்ளின் மூன்றாவது செட்டில் அதே குரலில்தான் சொல்வான். அதைச் சொல்லும்போதெல்லாம் கவியரசன் இரண்டடி நடுப்பக்கமாக நகர்ந்து, அவன் விடும் பந்தையும் எடுக்கத் தயாராக நின்றுகொள்வான்.

திங்கட்கிழமை காலை கிளப்புக்குப் போனான். செகரட்டரி சந்தோஷப்பட்டு நிபந்தனைகளைச் சொன்னார். காலை ஐந்தரை முதல் ஒன்பது, மாலை நாலு முதல் எட்டு. மாதச் சம்பளம், பி.எஃப்., தங்க அங்கேயே ஓர் அறை உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகக் கூடாது. "அதெல்லாம் போதும்பா உனக்கு. வயசாகலையா?" என்றார். செவ்வாய் மத்தியானம் கடிதம் கைக்கு வந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரயிலில் ஏறாமல் பிளாட்பாரத்தில் நின்று பிராங்க்ளினைக் கூப்பிட்டான்.

"மச்சி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். பேர் போட்டுடவா?"

"போடாத."

"இன்னாடா, முதுகா?"

"முதுகு இல்ல. வேலையில சேந்துட்டேன்."

"எவன்டா உனக்கு வேலை குடுத்தான்?" பிராங்க்ளின் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான். கவியரசன் சீட்டு, கடுதாசி, சந்தோஷ் என்று நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தான்.

"அதெல்லாம் சரிடா. இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. நான் எவனைப் புடிக்கறது? ஞாயித்துக்கிழமையே ஒரு போன் அடிச்சிருக்கலாம் இல்ல? ஆறு வருசம்டா."

"தெரியும்."

"இன்னா தெரியும்? வாட்ஸ்அப்ல அனுப்பாம வாயால சொன்னியே, அதுக்கு மாலை போடணுமா உனக்கு?"

ஒரு ரயில் இரைச்சலோடு வந்து போனது.

"பெலிக்ஸைக் கேளு," என்றான் கவியரசன். "இந்த மூணு வாரம் அவனுக்கு ஜோடி இல்ல. இடப்பக்கம் நல்லா ஆடுவான். ஒண்ணு மட்டும். உன் ரெண்டாவது சர்வீஸுக்கு அவனைப் பின்னால நிக்கச் சொல்லு. முன்னால ஆள் நின்னா உனக்குப் பதட்டம் வரும்."

"எனக்கா? எப்பருந்து?"

"ஆறு வருசமா."

ஆறு வருடமாக முக்கியமான கட்டங்களில் இவன் ஏன் பின்னால் போய் நின்றான் என்று பிராங்க்ளின் ஒவ்வொரு ஆட்டமாக நினைத்துப் பார்க்கிறான் போலும். பிறகு, "சரி, வை. அவன் நம்பரை அனுப்பு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் வகுப்பு முடிந்து கவியரசன் வந்து சேர்ந்தபோது சீட்டுக்கு எல்லாம் தயாராக இருந்தது. பேர் உள்ளவர்கள் கூடத்துக்குள்ளும் மற்றவர்கள் வாசலிலும் இருந்தார்கள். உள்ளே போய் வீரராகவனிடம் கடிதத்தைக் கொடுத்தான். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு எத்திராஜிடம் நீட்டினார். எத்திராஜ் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பி.எஃப். உண்டா?"

"உண்டு."

"அப்போ சரி," என்றார் எத்திராஜ். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது, கோபம் இல்லை. "நல்ல வேலைதான். விட்டுடாத."

பட்டியல் எழுதுகிறவர் கவியரசன் பேரை ஒரு கோட்டால் அடித்துவிட்டுக் கேட்டார். "இன்னா உத்தியோகம்னு போடறது?"

"கோச்."

"கோச்னா ரயில் பெட்டின்னு நெனைப்பானுங்க. டென்னிஸ் மாஸ்டர்னு போடறேன்." போட்டுவிட்டு அதற்குக் கீழே சந்தோஷ் பேரை எழுதினார்.

சந்தோஷை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் அண்ணனைப் பார்த்தான். கவியரசன், போ என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு வாசலுக்கு வந்தான். நீலமேகம் அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். இவனும் உட்கார்ந்தான். போனை எடுத்துப் பார்த்தான். துனிசியாப் பட்டியல் வந்திருந்தது. பிராங்க்ளினும் பெலிக்ஸும் இருந்தார்கள், ஆனால் நேரடி இடத்தில் இல்லை; காத்திருப்போர் வரிசையில் இரண்டாவது. இரண்டு ஜோடி விலகினால்தான் உள்ளே போக முடியும். விலகுவார்கள், எப்போதும் யாராவது விலகுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனைப் பைக்குள் போட்டான்.

"உனக்கு லீவு ஞாயித்துக்கிழமையா?" என்றார் நீலமேகம்.

"திங்கக்கிழமை நைனா. இன்னிக்கு மட்டும் நாலு மணிக்கு வர வேணாம்னு விட்டாங்க. ஆறு மணிக்கு அங்க இருக்கணும்."

"எல்லாரும் ஞாயித்துக்கிழமை லீவு உடுவான், உங்காளு திங்கக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமைதான் எல்லாரும் ஆட வருவாங்க."

நீலமேகம் யோசித்தார். "திங்கக்கிழமையும் நல்லதுதான். ரேஷன் கடையில கூட்டம் இருக்காது."

உள்ளே சந்தோஷ் சீட்டை எடுத்து நீட்டுவதும், வீரராகவன் அதைப் பிரித்துப் படிப்பதும் கேட்டது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம், மீன் அதிகம் விழும் இடம், முதல் முறையிலேயே கிடைத்திருந்தது. கூடத்தில் யாரோ பொறாமையாகச் சீட்டி அடித்தார்கள். நீலமேகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எட்டிப் பார்க்க வாசற்படிக்குப் போனார். கவியரசன் மணி பார்த்தான். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி பஸ் மூன்று மணிக்கு. மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.