சாம்பல் குழியில் படுத்த செவலை

கல்யாணமாகி நான் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் இன்ஜினில் கரி அள்ளிப்போடும் பயர்மேன். வீட்டில் இருந்ததைவிட ரயிலில் இருந்ததுதான் அதிகம். பேச்சுத் துணைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு செவலை நாய்க்குட்டி. நான் சொல்வதையெல்லாம் காதை நிமிர்த்திக் கேட்கும். அந்தப் பொறுமையை நான் அவரிடம் ஒருநாளும் கண்டதில்லை.

அது கொஞ்சம் வளர்ந்த சமயம், காதோரம் முடி கொட்ட ஆரம்பித்தது. அப்புறம் கால், அப்புறம் வயிறு. நாள் முழுக்கச் சொறிந்தபடி கிடக்கும். குவார்ட்டர்ஸில் சொறிநாய்க்கு ஒரே வைத்தியம்தான், சாம்பல். லோகோ ஷெட்டுப் பக்கம் இன்ஜின்கள் நெருப்பைக் கொட்டும் குழி ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும் அந்தச் சாம்பல் வெதுவெதுவென்று இருக்கும்.

"அதுல பொரண்டா சொறி பறந்துபூடும். நீ ஏன் பேஜாரு பண்ணிக்கினு கீற?" என்றார் இவர்.

நானே தினமும் கூட்டிக்கொண்டு போய் அங்கே படுக்கவைத்தேன். ஜங்ஷனில் உள்ள சொறிநாய்கள் மொத்தமும் அங்கேதான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பாவம், எல்லாம் வைத்தியத்துக்கு வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

கூடவே வீட்டில் வேப்பெண்ணெயும் தடவினேன். கொஞ்சம் தேறும், மறுபடியும் மோசமாகும். கடைசியில் என் முழங்கையும் தடித்துச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. இவர் பதறிவிட்டார்.

"நாயி வேணுமா, கையி வேணுமா, நீயே சொல்லு. கூட்ஸு வண்டில ஏத்தி எங்கனா வுட்டுட்டு வந்துர்றேன்."

வேண்டாத நாய்களை அங்கே அப்படித்தான் தொலைப்பார்கள். என்னையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள் என்று கத்திவிட்டு, செவலையை இழுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன்.

டாக்டர் அதன் காதை மடக்கிப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியாத பூச்சிம்மா. தோலுக்குள்ள வளை தோண்டிக் குடித்தனம் பண்ணுது. நாயிக்கு நாயி ஒட்டும். இளசா இருந்து, தீனியும் பத்தாம, கூட்டமா வேற படுத்தா அதுக்கு ரொம்ப சவுரியம். இது எங்க படுக்குது?"

சொன்னேன்.

"நல்ல எடமாத்தான் பாத்து வெச்சிருக்கீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குழியை அன்றைக்கே மண் போட்டு மூடியிருப்பேன். கந்தகக் களிம்பு கொடுத்தார். நாய் தேறினால் என் கை தானே ஆறிவிடும், ஆனால் மற்ற நாய்களோடு சேரவே விடக்கூடாது என்றார்.

சேராமல் எங்கே வைப்பது? கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு நேரே சாம்பல் குழிக்கு ஓடிவிடும். ருசி கண்டுவிட்டது. திண்டிவனத்துக்குத் தெற்கே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகளுக்கு நடுவே, இவருக்குத் தெரிந்த கேட் கீப்பர் ஒருவர் இருந்தார். அக்கம்பக்கத்தில் வேறு நாயே கிடையாது. குணமானதும் எனக்கே திரும்ப வேண்டும் என்று இவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, களிம்பு டப்பாவோடு செவலையை கூட்ஸ் வண்டியின் கடைசியில் இருக்கும் பிரேக் வேனில் ஏற்றிவிட்டேன். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

மல்லாட்டை பிடுங்கி முடிந்த பிறகு, அழைத்துவர நானே போனேன். திண்டிவனத்தில் இறங்கித் தண்டவாளத்தோரமாக நடந்தால், கேட்டண்டை ஒரு நாய் மினுமினுவென்று நிற்கிறது. அது ஓடிவந்து என் மேல் தாவிய பிறகுதான் செவலை என்றே தெரிந்தது. முகத்தையெல்லாம் நக்கிவிட்டது.

"தெனம் கேப்பைக் களியும் கருவாட்டுத் தலையும் துன்னுதுக்கா" என்றாள் கேட் கீப்பரின் மனைவி. "உங்க நாயிதான, இட்டுக்கினு போங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கயிறு என் கையில்தான் இருந்தது. எனக்கு அது வேண்டும், அவ்வளவு ஆசையாக வேண்டும். ஆனால் பனி தொடங்கப்போகிறது. விழுப்புரத்துக்குப் போன மறுநாளே அது எங்கே போய்ப் படுக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இங்கியே இருக்கட்டும்மா" என்று கயிற்றை அவளிடம் நீட்டினேன்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். கேட் வந்ததும் தலையை வெளியே நீட்டினேன். செவலை அங்கே நின்றுகொண்டு, வருகிற போகிற எல்லா வண்டியையும் பார்த்துக் குரைப்பதுபோல, என் வண்டியைப் பார்த்தும் குரைத்துக்கொண்டிருந்தது.